பசித்து அழுத கடவுள்

என் மகனுக்கு,

பாகான் டாலாமில் பேத்தியைத் தொட்டிலில் போட்ட அன்று, சாப்பாடு முடிந்து எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது, உன் மாமனார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பதில் சொல்லிவிட்டாய். அவர் கேட்டது கிண்டலுக்கு அல்ல. வெகுநாளாக மனத்தில் வைத்திருந்ததை, சம்பந்தி வீட்டு மனிதர்கள் என்ற உரிமையில் கேட்டார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்க சாமிங்க எத்தன அவதாரம் எடுத்து வந்தாலும் சாமி சாமிதான். உங்க சாமிய ஆணியில அடிச்சாங்களே, நெசமாவே வலிச்சிச்சா, இல்ல வலிச்ச மாதிரி இருந்துக்கிட்டாரா?" நீ சிரித்துக்கொண்டே, "அதெல்லாம் கத லா மாமா. சாமியா இருந்தா வலிக்காது. வலிச்சிருந்தா அவரு சாமி இல்ல. ரெண்டுல ஒன்னுதான் சரியா வரும்" என்றாய். தன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்த கவிதா உன்னை முறைத்தாள். உன் மாமனார் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார். நான் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

திரும்பி வரும்போது பாலத்தின் மேல் காரை ஓட்டிக்கொண்டே நீ இன்னொன்றும் சொன்னாய். "அம்மா, பிள்ளைக்கு ஞானஸ்நானம் இப்ப வேணாம். நம்பாம கோயில்ல நின்னு 'விசுவசிக்கிறேன்'னு சொல்ல எனக்கு மனசு வரல." அதற்கும் நான் பதில் சொல்லவில்லை. கோபம் என்று நீ நினைத்திருப்பாய். கோபமில்லை, ஐயா. உள்ளே ஒன்று வைத்து வெளியே ஒன்று பேசாத பிள்ளையை வளர்த்திருக்கிறேன் என்ற நிறைவுகூட ஒரு மூலையில் இருந்தது. ஆனால் நீ முடிவெடுப்பதற்கு முன் உனக்குத் தெரிய வேண்டிய ஒன்று இருக்கிறது. நேரில் சொல்ல உட்கார்ந்தால் அழுதுவிடுவேன். நீயும் "சரிம்மா, விடும்மா" என்று எழுந்து போய்விடுவாய். அதனால் எழுதுகிறேன்.

உன்னை நாங்கள் தம்பி என்றுதான் கூப்பிட்டோம். மற்ற வீடுகளில் அது செல்லத்துக்கு. நம் வீட்டில் அதற்கு ஒரு காரணம் இருந்தது. கல்லறைத் திருநாள்தோறும் நாம் பூ வைத்து மெழுகுவத்தி ஏற்றும் அந்தச் சின்னக் கல்லறை உன் அண்ணனுடையது என்று உனக்குத் தெரியும். பிறந்ததும் இறந்துவிட்டான் என்றும் தெரியும். அவ்வளவுதான் சொல்லியிருக்கிறோம். உன் அப்பா இருந்தவரை அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

அவன் மாதம் நிறைவதற்கு முன்பே பிறந்தான். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றை அறுத்துத்தான் எடுத்தார்கள். நான் கண் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. கீழ் மாடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், மூச்சுவிடச் சிரமப்படுகிறான் என்றார்கள். உன் அப்பா அப்போது பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை. அந்தக் காலத்தில் கைத்தொலைபேசி ஏது? ஆபீசுக்குச் சொல்லி அனுப்பி, அவர் ஃபெரி பிடித்து வந்து சேர வேண்டும். என்னால் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. அப்போது என் வார்டுக்கு நர்ஸாக வந்த மிஸ்ஸி ஒரு தமிழ்ப்பெண். என்னைவிட இளையவள். நிபோங் திபால் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். பெயர் சரஸ்வதி.

ஆமாம், உன் சரசு அத்தைதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் முறுக்கு டின்னோடு வந்து இறங்குகிற, தீபாவளிக்கு நாம் முதலில் போய் நிற்கிற அதே அத்தை. அவர் நமக்கு எந்த வழியில் உறவு என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. எந்த வழியில் என்று இப்போது சொல்கிறேன்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பிள்ளை எப்படி இருக்கான், உண்மையச் சொல்லும்மா" என்றேன். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "டாக்டர் பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு அக்கா. ஆனா கொஞ்சம் சூசா லா." கஷ்டம் என்பதை அதைவிட மெதுவாகச் சொல்ல முடியாது. எனக்குப் புரிந்துவிட்டது. ஆபத்து நேரத்தில் சாமியார் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அவளிடம் கேட்டேன். அவள் பயந்துபோனாள்.

"நான் மாரியம்மன் கும்புடுறவ அக்கா. நான் ஊத்துனா செல்லுமா?"

"செல்லும். மனசார தண்ணிய ஊத்தி அந்த வார்த்தையச் சொன்னா போதும்."

"தப்பாச் சொல்லிட்டா?"

"நான் சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு."

பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பேராலே என்று நான் சொல்ல, அவள் சின்னப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோலத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் சீனப் பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாசல்வரை போன சரசு திரும்பி வந்தாள். "பேரு என்னக்கா?" நாங்கள் பெயரே முடிவு செய்யவில்லை. உன் அப்பா அவருடைய அப்பா பெயரை வைக்க ஆசைப்பட்டார். அது கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள். கோயிலில் அந்த நாட்களில் பாடுகிற பெயர்தான் என் வாயில் வந்தது. "இம்மானுவேல்" என்றேன்.

அவள் திரும்பி வர வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது. வந்ததும் என் காதருகே குனிந்து சொன்னாள். "ஊசி இல்லாத சிரிஞ்சுல தண்ணி எடுத்து நெத்தியில மூணு தரம் விட்டேன்க்கா. ஒரு வார்த்தகூட மாத்திச் சொல்லல. தண்ணி பட்டதும் கண்ணத் தொறந்து பாத்துச்சு. பூனைக்குட்டி மாதிரி அழுதுச்சு. பசிச்ச அழுக." உன் அண்ணனைப் பற்றி எனக்குக் கிடைத்த செய்தி அதுதான். மறுநாள் மதியம் அவன் போய்விட்டான். உயிரோடு அவனை நான் தூக்கியதே இல்லை.

அடக்கத்துக்கு என்னால் போக முடியவில்லை. உன் அப்பாதான் அந்தப் பெட்டியைத் தன் கையிலேயே தூக்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தவர், சிலுவையில் எழுதச் சொல்லி நான் கொடுத்த பெயரைக் கேட்டதும் பொங்கிவிட்டார். "இம்மானுவேல்னா என்ன அர்த்தம், டீச்சர்தானே நீ, சொல்லு. கடவுள் நம்மோட. எங்க நம்மோட? கண்ணாடிப் பெட்டிக்குள்ள அது தனியாத்தானே கெடந்துச்சு?" அதற்கு நான், "கடவுள் சித்தம்ங்க" என்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது. துக்கத்தில் இருப்பவருக்குப் பாடம் ஒப்பித்தேன். அவர் எழுந்து வெளியே போனார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கோயில் வாசல்வரை கொண்டுவந்து விடுவார். உள்ளே வர மாட்டார். எதிரில் மரத்தடியில் நின்றுகொள்வார்.

வீட்டுக்கு வந்த சில நாளில் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. குடிக்கப் பிள்ளை இல்லை என்பது பெற்ற உடம்புக்குத் தெரியவில்லை. வலியும் காய்ச்சலுமாகக் கிடந்தேன். வேலை முடிந்து ஜெலுத்தோங்கில் நம் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து சரசு வந்தாள். கையில் ஈரத்துணியில் சுற்றிய மல்லிகைச் சரம். "இத வச்சுக் கட்டுங்கக்கா, பால் வத்திடும்." அவளே கட்டிவிட்டாள். கட்டி முடித்ததும் என் தோளில் முகத்தை வைத்து அவள் அழுதாள். வார்டில் எத்தனையோ பார்த்திருப்பாள். ஆனாலும் தன் கையால் நெற்றியில் தண்ணீர் ஊற்றிப் பெயர் சொன்ன பிள்ளை அவன். அதன்பிறகு அவள் எனக்கு மிஸ்ஸி இல்லை.

கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் போனேன். போகாவிட்டால் ஊர் பேசும் என்றுதான் போனேன். குடிலுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. எனக்கு முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு இருந்தாள். கடவுள் மனிதரானார் என்று சொல்லும் இடத்தில் எல்லாரும் முழந்தாளிட்டபோது அந்தக் குழந்தை பசித்து வீறிட்டது. மல்லிகையையும் மீறி எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு தலையைக் குனிந்தேன். கண்ணுக்கு நேரே குடில். வைக்கோல்மேல் கையை விரித்துக்கொண்டு பொம்மை. வகுப்பில் எத்தனை வருடம் சொல்லியிருக்கிறேன், இயேசு மெய்யான கடவுள், மெய்யான மனிதர் என்று! பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான் சரி போடுவேன். அன்றைக்குத்தான், ஈர ரவிக்கையோடு, அது என்ன வார்த்தை என்று எனக்கு உறைத்தது. வானத்தையும் பூமியையும் படைத்தவருக்குப் பசித்திருக்கிறது. பேச வாய் வராமல் அழுதிருக்கிறார். அந்த அழுகையைக் கேட்டு மாதாவுக்கும் என்னைப்போலவே துணி நனைந்திருக்கும். பால் கொடுக்க ஆள் இல்லாவிட்டால் அவரும் செத்துத்தான் போயிருப்பார். அப்படி ஒரு நிலைக்குத் தம்மை அவர் ஒப்புக்கொடுத்திருக்கிறார். என் துக்கம் குறைந்துவிடவில்லை, ஐயா. ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் என் பிள்ளை அழுத அந்தப் பசி, கடவுளுக்குத் தெரியாத பசி இல்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் இதைச் சொல்லவில்லை. ஒருமுறை பாடம் நடத்திப் பட்டது போதும்.

பெரிய வெள்ளி வந்தது. வழிபாடு முடிந்து, சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவரின் சுரூபத்தைத் தூம்பாப் பாடையில் கிடத்தி, தோளில் சுமந்து கோயிலைச் சுற்றி வருவார்கள். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் அதன் பின்னால் நடந்திருக்கிறாய். அன்றும் உன் அப்பா மரத்தடியில்தான் நின்றார். தூம்பா வாசலைத் தாண்டி வரும்போது, சுமந்தவர்களில் வயதான ஒருவருக்குக் கால் தடுக்கியது. ஒரு பக்கம் சாய்ந்தது. கூட்டம் "ஐயோ" என்றது. மரத்தடியிலிருந்து ஓடி வந்து அந்த முனைக்குத் தோள் கொடுத்தது உன் அப்பா. யோசித்துச் செய்ததாகத் தெரியவில்லை. கீழே விழப்போகிற ஒன்றைப் பிடிக்க ஓடுவதுபோலத்தான் ஓடினார். ஆனால் பிடித்தபிறகு விடவில்லை. வெறுங்காலோடு கடைசிவரை நடந்து, கோயிலுக்குள்ளும் வந்தார்.

வீட்டுக்கு நடந்து போகும்போது அவராகவே பேச்செடுத்தார். "கனமா இருந்துச்சு."

"மரச் சுரூபம்ல."

"நம்ம பையன் கனமே இல்ல. ஒரு கையில அடங்கிட்டான். அதத்தான் என்னால தாங்க முடியல." கொஞ்ச தூரம் போனதும் மறுபடி சொன்னார். "சாமிய உக்கார வச்சுத் தூக்கிட்டுப் போறத எல்லா ஊர்லயும் பாத்திருக்கேன். செத்துக் கெடக்கிற சாமிய நம்மதான் தூக்கிட்டுப் போறோம். மேலேருந்து வேடிக்க பாக்கறவரா இருந்தா இப்படி வந்து நம்ம தோள்ல கெடப்பாரா? கெடக்க மாட்டாருடி." பிறகு நடுத்தெருவில் நின்றுகொண்டு அழுதார். அடக்கத்தன்றுகூட அவர் அழுததில்லை.

உன் மாமனார் கேள்விக்கு அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். வலித்தது. வலித்த மாதிரி இருந்துகொள்ளவில்லை. இரண்டில் ஒன்றுதான் சரி என்கிறாய். கணக்குக்கு அது சரியாக இருக்கலாம். ஆனால் நான் இப்படி நினைத்துப் பார்க்கிறேன். அவர் மனிதர் மட்டும்தான் என்றால், என்னோடு அழுவார். சரசுவும் அழுதாள். அந்தக் கண்ணீருக்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவள். ஆனால் என் பிள்ளை போன இடத்துக்கு அவளால் போக முடியாது. யாராலும் முடியாது. அவர் கடவுள் மட்டும்தான் என்றால், அங்கே அவர் இருப்பார். ஆனால் மடியில் கிடந்தறியாத ஒருவர் கையில் நான் எப்படி என் பிள்ளையைக் கொடுப்பேன்? என்னோடு அழவும் வேண்டும், பிள்ளையைத் தூக்கிக்கொள்ளவும் வேண்டும். பாதி கடவுள், பாதி மனிதர் என்றால் இரண்டுக்குமே உதவாது. முழுசாக இரண்டுமாக இருக்கிறவர்தான் எனக்கு வேண்டியிருந்தது. எனக்கு வேண்டும் என்பதால் அது உண்மையாகிவிடுமா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. ஆகாதுதான். எப்படி ஒருவர் இரண்டாகவும் இருக்க முடியும் என்று என்னை விளக்கச் சொன்னால் எனக்குத் தெரியாது. பெரிய பெரிய படிப்பாளிகளே கூடிக் கூடிப் பேசி, கடைசியில் அப்படித்தான் என்று அறிக்கையிட்டு நிறுத்திக்கொண்ட விஷயம் அது. நான் நம்புகிறேன். நம்புவதற்கு எனக்குக் கிடைத்த இடம் எதுவென்று உனக்குக் காட்டினேன், அவ்வளவுதான்.

இரண்டு வருடம் கழித்து நீ பிறந்தாய். கொழுகொழுவென்று, ஊரே கேட்கும்படி அழுதுகொண்டு. உன் ஞானஸ்நானத்துக்கு சரசு வர வேண்டும் என்று நிபோங் திபாலுக்கு நேரில் போய் அழைத்தது உன் அப்பாதான். அவள் ஞானத்தாயாக நிற்க முடியாது, திருச்சபை வழக்கம் அப்படி. ஆனால் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றாள். சாமியார் உன் தலையில் தண்ணீர் ஊற்றியபோது அவள் உதடு அசைந்ததைப் பார்த்தேன். ஒரு வார்த்தையையும் அவள் மறந்திருக்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். போன வருடம் அப்பாவை அடக்கம் செய்த அன்று, வந்தவர்களிடமெல்லாம் நீ, "அப்பா கொஞ்சமும் பயப்படல. அவ்வளவு நம்பிக்க அவருக்கு" என்றாய். நான் திருத்தவில்லை. ஆனால் நீ நம்பிக்கை என்றால் பயமில்லாமை என்று எண்ணிக்கொண்டு, உனக்குள் அப்படி ஒன்று இல்லையே என்று ஒதுங்கிப் போகிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது. நீ மருந்து வாங்கப் போயிருந்த அந்தச் சாயங்காலம் நடந்தது உனக்குத் தெரியாது.

அவர் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கு" என்றார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. "பயப்படாதீங்க, ஆண்டவர் இருக்காரு" என்றேன். வழக்கம்போலப் பாடம்தான் வந்தது. அந்த நிலையிலும் அவருக்குக் கோபம் வந்தது. "பயப்படாதன்னு சொல்லாத. அவருக்கே பயமா இருந்துச்சு. பிடிபடறதுக்கு முந்தி ராத்திரி அந்தத் தோட்டத்துல அவருக்கும் இப்படித்தான் வேர்த்துச்சு. இது வேணாம்னு கேட்டாரு. சீடனுங்ககிட்ட, கூட கொஞ்ச நேரம் முழிச்சிருங்கடான்னு கெஞ்சினாரு. அவனுங்க தூங்கிட்டானுங்க." மூச்சு வாங்கினார். "நீ தூங்காத. இங்கேயே உக்காரு." நான் உட்கார்ந்தேன். செபம் சொல்லட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கையைமட்டும் பிடித்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பிடி தளர்ந்து மூச்சு சீரானது. நீ திரும்பி வந்தபோது பார்த்த அமைதி அதுதான். பயம் இல்லாத மனிதர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று நினைத்தாய். பயந்தவர், தனக்கு முன்னால் பயந்தவரை நினைத்துக்கொண்டு தூங்கிப்போயிருந்தார்.

உன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதும் கொடுக்காததும் நீயும் கவிதாவும் கூடிப் பேசி எடுக்க வேண்டிய முடிவு. நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உன் மாமனாரிடமும் மனஸ்தாபம் எதுவுமில்லை என்று சொல். நல்ல கேள்வி கேட்டார். கவிதாவைப் பேசவிட்டுக் கேள். அவளுக்கும் அவள் சாமிக்கும் இடையில் இருப்பதைக் கதை என்று சொல்லிவிடாதே. நம்பிக்கை இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்லும் உன் நேர்மையை எனக்காக விட்டுவிடாதே. ஆனால் பிள்ளை பெற்றிருக்கிறாய். பிள்ளை பெற்றவர்களுக்குப் பயம் தப்பாது, ஐயா. ஒருநாள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வராந்தாவில், அல்லது உன் வீட்டுக் கட்டிலிலேயே, உனக்கும் முகம் வேர்க்கும். அப்போது நான் இருக்க மாட்டேன். வெட்கப்படாமல் பயந்துகொள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். நீ அவரை நம்பினாலும் நம்பாவிட்டாலும் இருப்பார் என்று உன் அம்மா நம்புகிறாள். அவர் தூங்கிவிட மாட்டார்.

அம்மா